வெளிப்பக்கத்துக் கொண்டி

எங்கள் வீட்டில் ஓர் அறைக் கதவுக்கு வெளிப்பக்கத்திலும் ஓர் இரும்புக் கொண்டி இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன, ஆட்டுக்கூட்டுக்குப் போட்ட மாதிரி?" என்று கேட்பார்கள். அந்தக் கொண்டியைப் போடுவித்தது நான்தான். ஒரு நாள் அதை இழுத்துப் பூட்டியதும் நான்தான். பிறகு, பூட்டவே இல்லை என்று அல்லாஹ்வின் பேரால் சத்தியம் செய்ததும் நான்தான். ஊரில் பெண்பிள்ளைகளுக்குக் காலையில் குர்ஆன் ஓதிக்கொடுக்கிற வாய் இது.

அது என் காக்காவும், அதாவது என் அண்ணனும், அவர் மனைவியான மச்சியும் இருந்த அறை. மச்சி மன்னார்ப் பக்கம். தொண்ணூறில் புலிகளால் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, உடுத்த உடுப்போடு படகில் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர்களில் ஒருவர். முகாமிலிருந்து, கரையில் கருவாடு காயப்போடுகிற வாடிக்கு வேலைக்கு வந்தபோது காக்காவின் கண்ணில் பட்டார். கட்டினால் இந்தப் பிள்ளையைத்தான் கட்டுவேன் என்று காக்கா ஒற்றைக் காலில் நின்றார். "அகதிப் பொண்ணா?" என்று உம்மா கேட்டார். நானும் உம்மாவின் பக்கம்தான் நின்றேன். அந்த நாளிலேயே எனக்கு வெட்டி வீறாப்புக்குக் குறைவில்லை.

கலியாணம் முடித்த கிழமையே காக்கா அறைக் கதவைக் கழற்றிவிட்டு ஒரு சீலையைத் தொங்கவிட்டார். கழற்றிய கதவை முற்றத்தில் இரண்டு பீப்பாய்களின் மேல் கிடத்தி, அதில் மீன் காயப்போட்டார். புது மாப்பிள்ளைக்குக் கதவில்லாத அறையா என்று நான் பண்ணாத பகிடி இல்லை. "அவளுக்குக் காத்து வேணும்" என்பார் காக்கா. அதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டார். என் கலியாணம் முறிந்து நான் அந்த வீட்டுக்கே திரும்பி வந்த பிறகும் அங்கே சீலைதான் தொங்கியது. இருபது வருசத்துக்கு மேல் அப்படியே போயிற்று. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மச்சியும் காக்காவும் வாடியில் ஒன்றாகவே வேலை செய்தார்கள். மச்சி நன்றாகச் சிரிப்பார், நன்றாகச் சமைப்பார். அவருக்கு ஒரு குறையிருக்கிறது என்று நான் நினைத்ததே இல்லை.

நாட்டில் யுத்தம் முடிந்து சில வருசங்களில் காக்கா மௌத்தானார். கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மச்சி இத்தாவுக்கு உட்கார்ந்தார். புருசன் இறந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற காலம் அது. அதற்குப் பொறுப்பாளி நானே என்று நான் எடுத்துக்கொண்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன், மார்க்கத்துக்குப் பயந்து அல்ல, ஊர் வாய்க்குப் பயந்துதான் அவ்வளவும் செய்தேன். வந்து குடியேறினவளுக்கு இத்தா இருக்கத் தெரியுமா என்று ஒருத்தியும் கேட்கக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. பீப்பாய் மேல் கிடந்த கதவை எடுத்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, தச்சரைக் கூப்பிட்டுப் பழைய இடத்தில் மாட்டுவித்தேன். உள்ளே ஒரு கொண்டி போட்டவர், நான் வெளியேயும் ஒன்று கேட்டபோது என்னைப் பார்த்தார். களப்புக் காற்றுக்குக் கதவு அடித்து அடித்துத் திறக்கும் என்று சொன்னேன். ஜன்னலுக்குச் சீலையை வைத்து ஆணி அடித்தேன்.

"தங்கச்சி, கதவ மட்டும் சாத்தாதீங்க. முந்தி மாதிரிச் சீல போதும்" என்றார் மச்சி.

"இது இத்தா, மச்சி. விளையாட்டில்ல" என்றேன்.

அவர் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டை எடுத்துக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். இரண்டு விரல் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்குப் பக்கத்தில்தான் பாயைப் போட்டிருந்தார். நான் போகும்போதெல்லாம் சிரட்டையை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவேன். திரும்பி வந்தால் சிரட்டை மறுபடியும் அங்கே இருக்கும். இதை நான் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

காக்கா மௌத்தான நாற்பதாம் நாள் அவருக்காகக் கத்தம் ஓதினோம். மாரி காலம். முற்றத்தில் படங்கு கட்டியிருந்தது. படங்கு என்றால் தார்ப்பாய்தான், எங்கள் கரையில் வள்ளத்தையும் கருவாட்டுக் குவியலையும் மூடுவதும் அதைக் கொண்டுதான். பின்னேரம் மழை பிடித்துக் கரண்டும் போனதால், யாரோ ஒரு டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து லைட் போட்டார்கள். நடு ஹோலில் ஆண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். மச்சியின் அறைக் கதவு நேரே அந்த ஹோலுக்குத்தான் திறக்கும். சிரட்டை வைத்த இடைவெளியால் யாராவது உள்ளே பார்த்துவிட்டால்? நான் போய்ச் சிரட்டையை எடுத்தேன். கதவைச் சாத்தினேன். கொண்டியை இழுத்தேன். ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சகன் சாப்பாடு முடிந்து ஆண்கள் எழும்பும் வரைக்கும்தானே என்று நினைத்தேன்.

நான் சோற்றுச் சகனைத் தூக்கிக்கொண்டு வரும்போது உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. மெல்லத்தான் தட்டினார். கதவோடு வாயை வைத்து, "ஆம்புளயள் இரிக்கிறாங்க மச்சி, சத்தம் போடாம இரிங்க" என்றேன். அடுத்த சகனோடு வரும்போது பலமாகத் தட்டினார். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஓதிக்கொண்டிருந்த லெப்பை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. வயிற்று வலியாக்கும் என்று குசினியில் நின்ற பெண்களிடம் சொன்னேன். மழை படங்கில் அறைந்தது, காற்றுக்குப் படங்கின் ஒரு மூலை கழன்று படபடவென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. அப்பாடா என்று நினைத்தேன். அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஆண்கள் போன பிறகுதான் கொண்டியைத் தள்ளினேன். மச்சி கட்டிலுக்குக் கீழே கிடந்தார். உடுப்பு நனைந்திருந்தது. கதவைப் பிறாண்டியதில் நகங்கள் உடைந்து விரலெல்லாம் இரத்தம். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மூஞ்சத் துறங்க, புள்ளட மூஞ்சத் துறங்க" என்று சொல்லிக்கொண்டே அதன் உறையை இழுத்தார். நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. என் பின்னால் பெண்கள் கூடிவிட்டார்கள். "கதவு பூட்டியா இரிந்த?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்ல இல்ல, மழைக்குக் கதவு இறுகிட்டு" என்றேன்.

நான் யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. இருமல் வருகிற மாதிரி வந்தது.

ஜின் பிடித்துவிட்டது என்றார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஜின் என்றால் என் கையில் ஒன்றும் இல்லையே. லெப்பை வந்து நூல் கட்டினார். ஓதின தண்ணீரைக் காலையும் மாலையும் கொடுத்தேன். மச்சி பிறகு எந்த அறைக்குள்ளும் போகவில்லை. பின் விறாந்தையில் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு இருப்பார். குளிக்கிற அறைக் கதவைத் திறந்து வைத்து, நான் சீலை பிடிக்க வேண்டும். எங்கேயாவது படங்கு அடித்தால் வாயைப் பொத்திக்கொண்டு நடுங்குவார். டீசல் மணத்துக்குச் சத்தி எடுப்பார். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"தங்கச்சி, அண்டைக்கு நீங்க கொண்டி போட்டீங்களா?"

"இல்ல மச்சி."

"எனக்குச் சத்தம் கேட்டிச்சி."

"அல்லாஹ்மேல சத்தியமா நான் போடல்ல. கதவு இறுகிட்டு."

மச்சி தன் விரல்களைப் பார்த்தார். "அண்டைக்கு எனக்குக் கடல் சத்தமும் கேட்டிச்சி. அறைக்குள்ள கடல் ஏது? கொண்டியும் அப்பிடித்தான் போல" என்றார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் ஆய்ந்து முடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னவர்களிடம், இத்தாவில் எப்படிப் போவது என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தேன். அதற்கு ஆதாரம் தேடித்தான் ஒரு மௌலவிக்குப் போன் எடுத்தேன். அவர் பாவம், ஒன்றும் தெரியாமல் கேட்டார்: "மருந்துக்குப் போக வேணாமெண்டு ஆரும்மா சொன்ன? வீட்டில இரிக்கத்தான் மார்க்கம் சொன்ன. அறைக்குள்ள அடைச்சு வைக்கச் சொல்லல்லயே." இத்தனை நாளும் நான் மார்க்கம் என்று காட்டியது என் தலைக்கனத்தை.

அப்படித்தான் மனநலப் பிரிவுக்குப் போனோம். தெரிந்தவர்கள் கண்டுவிடக் கூடாது என்று இரண்டு பேரும் முகத்தை மூடிக்கொண்டு போனோம். பெரிய டொக்டர் சிங்களவர், தமிழும் கொஞ்சம் கதைப்பார். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் குளிசை எழுதிவிட்டு, தமிழ் கதைக்கிற ஓர் உளவளத்துணையாளரிடம் அனுப்பினார். மச்சி அவரை மிஸ் என்று கூப்பிட்டார். இது ஜின்னும் இல்லை, பைத்தியமும் இல்லை, மனவடு என்றார் மிஸ். நடந்து முடிந்த பயங்கரம் ஒன்று, முடிந்ததாக மனதில் பதியாமல் அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு ஒரு சத்தமோ மணமோ அதைத் தொட்டால், ஞாபகம் வருவதுபோல் வராது, இப்போது நடப்பது போலவே நடக்கும். இருபது வருசம் அடங்கிக் கிடந்தும் வரலாம், முக்கியமாக ஒரு மௌத்துக்குப் பிறகு. மெல்ல மெல்லப் பாதுகாப்பான இடத்தில் வைத்து அதை வெளியே எடுக்க வேண்டும் என்றார்.

மச்சி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நடுவில ஈரம் நிண்ட கருவாடு மாதிரி" என்றார். "மேல காஞ்சிரிக்கும். பிரிச்சு வெயில்ல போடாட்டி உள்ளுக்குப் புழுதான்." மிஸ் சிரித்துவிட்டு, அதை விட நன்றாகத் தனக்குச் சொல்லத் தெரியாது என்றார்.

கிழமைக்கு ஒரு தரம் போனோம். பயம் வரும்போது பாதத்தை நிலத்தில் அழுத்தவும், மூச்சை நீட்டி விடவும், தொண்ணூறில் வந்த படகில் இல்லாத ஏதாவது ஒரு பொருளைக் கையில் வைத்திருக்கவும் மிஸ் பழக்கினார். மச்சி ஒரு கறுவாப்பட்டைத் துண்டைச் சீலை முந்தியில் முடிந்துகொண்டார். கடல் சத்தம் கேட்டால் அதைக் கடிப்பார். "கடல்ல கறுவா இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பிறகு படகுக் கதையைச் சொல்ல வைத்தார் மிஸ். ஒரே கதையைப் பல கிழமை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை.

அந்தக் கதையை ஒரு நாள் மச்சி பஸ்ஸில் வரும்போது எனக்கும் சொன்னார். படகில் நிறையச் சனம். மழையும் அலையும் அடித்ததால் எல்லாரையும் மூடிப் படங்கை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எஞ்சின் புகை உள்ளே நின்றது. மச்சியின் மூத்த சகோதரி ராத்தாவுக்குச் சத்தி, அதனால் ராத்தாவின் கைக்குழந்தை மச்சியின் மடியில். "படங்கக் கொஞ்சம் தூக்குங்க, புள்ளட மூஞ்சத் துறங்க எண்டு கத்தினேன் தங்கச்சி. மழைச் சத்தத்தில ஆருக்கும் கேக்கல்ல. கரையில அவுக்கக்குள்ள புள்ள எழும்பல்ல." காய்ச்சலில் போனது என்று ராத்தாவிடம் சொன்னார்களாம். காக்காவிடம் மட்டும்தான் மச்சி உண்மையைச் சொல்லியிருந்தார். அதனால்தான் கதவு பீப்பாய்க்குப் போனது. அன்றைக்கு யாருக்கும் கேட்கவில்லை. என் வீட்டில் எனக்குக் கேட்டது. நான் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் செய்கிற பயிற்சியும் இருந்தது. முதலில் சீலை தொங்குகிற அறையில் இருப்பது, பிறகு கதவைப் பாதி சாத்திக்கொண்டு இருப்பது, பிறகு முழுதாகச் சாத்திக்கொண்டு இருப்பது. மச்சி பாதிவரைக்கும் வந்துவிட்டார். அதற்கு மேல் நகரவில்லை. ஏன் என்று பார்க்க மிஸ் என்னையும் உள்ளே கூப்பிட்டார். மச்சி சொன்னார்: "மிஸ், நீங்க சொன்ன எல்லாத்தையும் செய்றேன். இப்ப ஆபத்தில்ல எண்டு காது கேக்கிறத வெச்சு நம்பச் சொல்றீங்க. அண்டைக்கு இல்லாத கொண்டிச் சத்தத்தக் கேட்டவ நான். அந்தக் காத நான் எப்பிடி நம்புற?"

மிஸ் என் பக்கம் திரும்பினார். "அண்டைக்கு என்ன நடந்திச்சு எண்டு நீங்க சொல்லுங்க."

"கதவு இறுகிட்டு, மிஸ்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அந்த மனுசி எனக்கு நன்றி சொல்லி எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை, ஓதவந்த பிள்ளைகளை அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். மச்சி அந்தக் கதவுக்கு முன்னால் முழங்காலில் நின்றார். பக்கத்தில் தச்சரிடம் இரவல் வாங்கிய சீவுளி. கதவின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தார். நிலமெல்லாம் மரச்சுருள். அவருடைய நகங்கள் இன்னும் சரியாக வளர்ந்திருக்கவில்லை.

"இறுகிற இடம் எதெண்டு காணல்ல தங்கச்சி" என்றார் நிமிராமல். "மேலயும் பாத்தேன், கீழயும் பாத்தேன். எல்லா இடமும் லேசாத்தான் இரிக்கி. நீங்க பிடிச்சுக் காட்டுங்களேன்."

அந்த மரச்சுருளுக்கு நடுவிலேயே உட்கார்ந்தேன்.

"மச்சி, கதவு இறுகல்ல. கொண்டி போட்டது நான்தான்."

அவர் சீவுளியை நிலத்தில் வைத்தார்.

"எப்ப போட்டீங்க?"

"சகன் வைக்க முந்தி. சிரட்டைய எடுத்துட்டுப் போட்டேன்."

"நான் கூப்பிட்டது கேட்டிச்சா?"

"கேட்டிச்சி."

மச்சி எழும்பி அறைக்குள் போனார். அவராகவே கதவை முழுதாகச் சாத்தினார். அந்தக் கதவை அவர் சாத்தி நான் கண்டதே இல்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது: "இப்பப் போடுங்க."

"ஏலாது மச்சி."

"போடுங்க தங்கச்சி."

கொண்டியை இழுத்தேன். இரும்பு இரும்பில் பட்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நான் அழுதுகொண்டு உடனேயே அதைத் தள்ளிக் கதவைத் திறந்தேன். மச்சி அறை நடுவில் நின்றார். முகமெல்லாம் வேர்வை, பல்லிடுக்கில் கறுவா.

"இதுதான்" என்றார். "இந்தச் சத்தம்தான். எனக்கு ஒண்டுமில்ல. என்ட காது சரிதான்."

அவர் அழுதார், சிரித்தார், இரண்டும் கலந்து வந்தது. நான் காலைப் பிடித்து, மாப்புச் செய்யுங்க மச்சி என்றேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் கோபம் வந்தது. இருபது வருசத்தில் நான் காணாத கோபம்.

"எனக்கு ஜின் எண்டு நீங்க ஆரார்ட்டச் சொன்னீங்களோ, அவங்க எல்லாருக்கும் போய் உள்ளதச் சொல்லுங்க. மிஸ்ஸுக்கும் சொல்லுங்க. மாப்பு பிறகு பாப்பம்."

மிஸ்ஸிடம் முதலில் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும். அவர் செய்ததெல்லாம், முந்தி எழுதியதைக் கோடிழுத்து வெட்டிவிட்டு, நான் சொன்னதைப் புதிதாக எழுதியதுதான். பிறகு வீடு வீடாகப் போனேன். அன்றைக்குக் குசினியில் நின்ற ஒவ்வொருத்தியிடமும், நூல் கட்டின லெப்பையிடமும், கொண்டியை நான்தான் போட்டேன், கேட்டும் திறக்கவில்லை என்று சொன்னேன். ஒருத்தி வாயில் கை வைத்தாள். ஒருத்தி என்னிடம் பிள்ளையை ஓத அனுப்புவதை நிறுத்தினாள். அது எனக்குத் தகும். என்னை ஆறுதல்படுத்தினவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அதுக்கென்ன, நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லுவேன். எல்லா வீட்டுக்கும் போய் முடிக்கச் சில மாதம் சென்றது. துணிவு வருகிற நாளில்தானே போகலாம்.

இதற்கிடையில் மச்சி வாடிக்குத் திரும்பியிருந்தார். படங்கைத் தொட இன்னும் பிடிக்காது, ஆனால் தொடுவார். காற்று நாட்களில் கறுவா கூடுதலாகச் செலவாகும். வெளிக்கொண்டியைக் கழற்ற நான் தச்சரைக் கூப்பிட்டபோது தடுத்துவிட்டார். "இரிக்கட்டும். அது அங்க இரிந்திச்சுதானே" என்றார்.

கடைசி வீடு நுரைச்சோலையில், அங்கே குடிபோன ஒருத்தியின் வீடு. போய்ச் சொல்லிவிட்டு மத்தியானம் திரும்பி வந்தேன். மச்சியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. சிரட்டை இல்லை, சீலையும் இல்லை. கொண்டி என் கண்ணுக்கு நேரே இருந்தது. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சியா?" என்றார் உள்ளேயிருந்து.

"ஓம் மச்சி."

"கடைசி வீட்டுக்கும் போனீங்களா?"

"போனேன்."

உள்ளே பாயைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப சோத்தப் போடுங்க, வாறேன்" என்றார்.

மாப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பீங்கானில் சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கதவை உள்ளேயிருந்து அவரே திறந்துகொண்டு வந்தார்.